அம்மாவின் முகவரி: பல்லடம்

அமெரிக்காவில் ராணுவ ரகசியம் புழங்கும் வேலைக்குப் போகிறவர் எஸ்எஃப்-86 என்ற விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். அச்சில் எடுத்தால் நூறு பக்கத்தைத் தாண்டும். அதன் 18ஆம் பிரிவு சொந்தபந்தத்துக்கு உரியது. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே கேள்விகள் வரிசைகட்டி நிற்கும். எங்கே பிறந்தார், எந்த நாட்டுக் குடிமகன், எங்கே வேலை பார்க்கிறார், அந்த வேலைக்கும் அரசாங்கத்துக்கும் தொடர்பு உண்டா, எத்தனை நாளைக்கு ஒருமுறை பேசுவீர்கள், போனிலா நேரிலா. 19ஆம் பிரிவு வலையை இன்னும் அகலமாக வீசுகிறது. கடந்த 7 ஆண்டுகளில் பாசத்தாலோ கடமையாலோ நெருங்கிப் பழகிவரும் வெளிநாட்டவர் எல்லோரையும் எழுதச் சொல்கிறது. கொங்கு வீட்டில் பிறந்த ஒருவர் இதை நேர்மையாக நிரப்ப உட்கார்ந்தால் பங்காளி வகையறா முடிவதற்குள் பொழுது விடிந்துவிடும். மாமன் மச்சான் வகையறாவுக்குத் தனித் தாள் கேட்க வேண்டும்.

திருப்பூருக்கு இது எங்கோ நடக்கும் கதை இல்லை. 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. சரக்கு போன திசையில் பிள்ளைகளும் போனார்கள். அப்பா கட்டிங் மாஸ்டராகவோ சொந்தமாக நாலு நிட்டிங் மெஷின் போட்டோ சம்பாதித்த பணத்தில் கோவையில் இன்ஜினியரிங் முடித்து, அங்கே எம்.எஸ். படித்து, கிரீன் கார்டுக்கு வருடக்கணக்கில் காத்துக் கிடந்து, கடைசியில் குடியுரிமையும் வாங்கியவர்களைப் பல்லடம், அவிநாசி, காங்கயம் பக்கம் தேடினால் கிடைப்பார்கள். பாதுகாப்பு அனுமதி பொதுவாக அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்து, விமானப் பாகமோ இணையப் பாதுகாப்போ ராணுவத்துக்குச் செய்துகொடுக்கும் நிறுவனத்தில் வேலையும் கிடைத்த அன்று, பல்லடத்தில் இருக்கும் அம்மா ‘வெளிநாட்டு உறவினர்’ ஆகிவிடுகிறார்.

இது நியாயமா? கேள்வி கேட்பது நியாயம் என்பது என் கட்சி. கிடைத்த பதிலை நிறுக்கும் அமெரிக்கத் தராசில் கோளாறு உண்டு. ஆனால் நம் நாட்டில் பல இடங்களில் தராசையே காணோம். இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கலாம்.

2017 ஜூன் 8 முதல் நடப்பில் இருக்கும் அமெரிக்க நெறிமுறையில் 13 தலைப்புகள். கடன், குடி, போதை, குற்ற வழக்கு என்று போகும் அந்த வரிசையில் இரண்டாவது, ‘பி’ எழுத்திட்ட தலைப்பு, வெளிநாட்டுச் செல்வாக்கு பற்றியது. உறவினர் வெளிநாட்டில் இருப்பதையே அது குறையாகச் சொல்வதில்லை. அந்த உறவைப் பிடித்துக்கொண்டு ஓர் அந்நிய அரசோ அமைப்போ விண்ணப்பதாரரை மிரட்டவோ இழுக்கவோ வழக்கத்தைவிடக் கூடுதல் வாய்ப்பு உண்டா என்று பார்க்கச் சொல்கிறது. எந்த நாடு, உறவினர் என்ன வேலையில் இருக்கிறார், விண்ணப்பதாரர் அமெரிக்காவில் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறார், அங்கே இருக்கும் சொத்தோடு ஒப்பிட்டால் இங்கே இருக்கும் சொத்து எவ்வளவு என்பதெல்லாம் தட்டில் ஏறும். கடைசியில் சந்தேகம் மிஞ்சினால் அது நாட்டுக்குச் சாதகமாகவே தீர்க்கப்படும். அனுமதி என்பது யாருக்கும் உரிமை இல்லை என்று 1988இல் ஈகன் வழக்கிலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த முறையின் நல்ல பக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. வில்லியம் கிரீன் என்ற விமானத்துறைப் பொறியாளர் ஒரு நிறுவனத்தின் துணைத் தலைவராக இருந்தார். 1953இல் அவருடைய அனுமதி பறிபோனது, வேலையும் போனது. கம்யூனிஸ்டுகளோடு பழகினார் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பழக்கத்தில் பெரும்பங்கு அவருடைய முதல் மனைவி வழியாக வந்தது. அவரைக் கிரீன் எப்போதோ விவாகரத்து செய்திருந்தார். சாட்சி சொன்னவர்கள் யார் என்று அவருக்குக் கடைசிவரை சொல்லவில்லை. 1959இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. சாட்சியை எதிர்கொண்டு குறுக்கு விசாரணை செய்ய விடாமல் ஒருவரின் பிழைப்பைப் பறிக்க ராணுவத் துறைக்கு யாரும் அதிகாரம் தரவில்லை என்றது. அடுத்த ஆண்டே அதிபர் ஐசனோவர் ஆணை பிறப்பித்தார். ஒப்பந்த நிறுவன ஊழியர்களுக்கு எழுத்தில் காரணம், நீதிபதி முன் விசாரணை, மேல்முறையீடு என்ற முறை அப்படித்தான் வந்தது. இன்றைக்கும் அந்தத் தீர்ப்புகள் பெயரை மட்டும் மறைத்துப் பொதுவில் வெளியாகின்றன. மாமியார் காரணமாக ஒருவருக்கு ஏன் அனுமதி மறுக்கப்பட்டது என்பதை ஊரார் படிக்கலாம்.

கோளாறு எங்கே? ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பிப்பவர் பெண். பல்லடத்தில் பிறந்தவர், டெக்சாஸில் குடியிருக்கிறார். அப்பா அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அண்ணன் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். அம்மாவோடு ஞாயிறுதோறும் வீடியோ காலில் பேச்சு. மாமியார் வீடு தாராபுரம்.

முதல் கோளாறு இந்தப் பேச்சிலேயே தொடங்குகிறது. நெருங்கிய குடும்பத்தோடு இருக்கும் தொடர்பைச் சாதாரணத் தொடர்பு என்று விசாரணை எடுத்துக்கொள்வதில்லை. கணவர் வீட்டாரோடு பாசம் உண்டு என்றும் அதுவே முன்கூட்டி எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விண்ணப்பதாரர் பொறுப்பு. மாமியாரோடு பேச்சுவார்த்தையே இல்லை என்பதை எந்தச் சான்றிதழ் வைத்து நிரூபிப்பார்கள் என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்டால் பதில் சொல்வது கடினம். அம்மாவோடு வாரம் ஒருமுறை பேசுகிறவர் ஆபத்தானவர், ஆண்டுக்கு ஒருமுறை பேசுகிறவர் அவ்வளவு ஆபத்தில்லாதவர் என்ற கணக்கு இதிலிருந்து பிறக்கிறது. பெற்றவளை மறந்தவன் ரகசியத்தைக் காப்பான் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அடுத்தது நாட்டைப் பற்றிய குறிப்பு. விசாரணையில் அந்த நாடு பற்றிய அரசு ஆவணங்களைப் பொதுச் செய்தியாகக் கோப்பில் சேர்ப்பார்கள். இந்தியா என்றால் காஷ்மீர், மாவோயிஸ்டுகள், பயங்கரவாதத் தாக்குதல்கள், மனித உரிமைப் புகார்கள், அமெரிக்கத் தொழில்நுட்பத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக வாங்க நடந்த முயற்சிகள் எல்லாம் வரும். கூடவே இரு நாட்டு நட்பும் வரும். பல்லடத்தில் டிவி தொடர் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவின் கோப்பில் பூஞ்ச் எல்லை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்திய உறவினர் என்ற ஒரே காரணத்துக்காக விசாரணைக்குப் போன வழக்குகளில் அனுமதி கிடைத்தவை நிறைய உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கிடைக்கும்வரை வேலை தொங்கலில் நிற்கும், வக்கீல் செலவும் ஆகும் என்பது வேறு கணக்கு.

நாடு பற்றிய இந்தக் கேள்வியை இந்தியர்கள் கோபத்தோடு ஒதுக்கித் தள்ளுவதில் பொருளில்லை. அமெரிக்க மண்ணில் ஒரு சீக்கியப் பிரிவினைவாதியைக் கொல்லத் திட்டமிட்டதாக 2023 நவம்பரில் ஓர் இந்தியர் மீதும், 2024 அக்டோபரில் முன்னாள் இந்திய அரசு அதிகாரி ஒருவர் மீதும் அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. அப்படியொன்று தன் கொள்கையில் இல்லை என்று டெல்லி சொன்னது. வழக்கு எப்படி முடிந்தாலும், நட்பு நாடு என்பதால் கேள்வியே வேண்டாம் என்று வாதிட இனி முடியாது. நட்பும் எப்போதும் ஒரே சீராக இருப்பதில்லை. 2025 ஆகஸ்ட் 27 அன்று 50 விழுக்காடு வரி அமலுக்கு வந்தபோது திருப்பூர் ஷிப்மென்ட்டுகள் பாதி வழியில் நின்றதே, அதுவும் இதே நண்பரின் வேலைதான்.

எனக்கு உண்மையில் கனமாகப் படுவது, அந்த அமெரிக்கக் கேள்வித்தாள் அவ்வளவாகப் பொருட்படுத்தாத இடம். சாயப்பட்டறை அண்ணனைத்தான் சொல்கிறேன். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நூற்றுக்கணக்கான பட்டறைகளின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. நொய்யலை நாம் கெடுத்து வைத்ததற்கு அந்தத் தீர்ப்பு நியாயமானது; அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் ஒரு தொழில்காரரின் கழுத்து எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதை அன்றைக்கு ஊரே பார்த்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல், மின்வாரிய இணைப்பு, ஜிஎஸ்டி ரீஃபண்டு, வங்கியின் பேக்கிங் கிரெடிட். இவற்றில் ஒன்றை யாரோ ஒருவர் இழுத்துப் பிடித்தால் போதும். உறவினரை வைத்து ஒருவரை மிரட்டுவது என்றால் சினிமாவில் வருவதுபோலக் கத்தி, துப்பாக்கி தேவையில்லை. ஒரு ரெனியூவல் கடிதம் தாமதமானால் போதும். ஓய்வூதியம் வாங்கும் அப்பா அரசோடு தொடர்புள்ளவர் என்று படிவம் கவலைப்படுகிறது. ஆனால் அப்பாவின் ஓய்வூதியத்தை யாரும் நிறுத்த மாட்டார்கள். அரசு ஊழியர் யார் என்று கேட்பதைவிட, அரசின் உரிமத்தை நம்பிப் பிழைப்பவர் யார் என்று கேட்டால் விசாரணை இன்னும் கூர்மையாக இருக்கும்.

சொத்து விஷயத்திலும் இதே கதைதான். விண்ணப்பதாரர் தன் பெயரில் வெளிநாட்டில் உள்ள சொத்தை எழுத வேண்டும். நம் பெண்ணுக்குப் பல்லடத்தில் என்ன இருக்கிறது? தாத்தா காலத்துத் தென்னந்தோப்பு. பட்டா கூட்டுப் பட்டா. அப்பா, இரண்டு சித்தப்பா, இறந்துபோன அத்தையின் வாரிசுகள் எல்லோர் பெயரும் அதில் உண்டு. பாகப்பிரிவினை இன்னும் ஆகவில்லை. 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசும் செய்த சட்டத் திருத்தத்தால் மகளுக்கும் பங்கு உண்டு. எத்தனை சென்ட், என்ன விலை என்பது அவருக்கும் தெரியாது. ஒரு கையெழுத்து குறைந்தால் தோப்பை விற்கவும் முடியாது. விற்க முடியாத சொத்து காகிதத்தில் கோடியாகத் தெரியும். அனுமதி கேட்பவர் அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தட்டைக் காலியாக்கலாம். அதாவது, அமெரிக்காவின் பாதுகாப்புக்காகப் பல்லடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு பெண் தன் பங்கைக் கைவிட வேண்டும். அண்ணன்மார்கள் இதை எதிர்க்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு கேட்டு, இவ்வளவு எடைபோட்டு, பிடிபட்டவர்கள் யார்? சிஐஏவின் ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985இல் சோவியத்துக்கு ரகசியம் விற்கத் தொடங்கியது பணத்துக்காக. மனைவி கொலம்பியப் பெண் என்பதும், பின்னால் அவரும் தண்டனை பெற்றார் என்பதும் உண்மை. ஆனால் விற்பனையைத் தொடங்கி வைத்தது மாமியார் வீடு அல்ல, கடன். எஃப்பிஐயின் ராபர்ட் ஹான்சன் சிகாகோக்காரர், அப்பா போலீஸ்காரர். கடற்படையின் ஜான் வாக்கர் சுமார் 17 ஆண்டுகள் விற்றார். தன் அண்ணனையும் மகனையும் அந்தத் தொழிலில் சேர்த்தார். குடும்பமே உளவு வலையாக மாறிய அந்த வழக்கில் ஒருவர்கூட வெளிநாட்டு உறவினர் இல்லை. கியூபாவுக்காக வேலை செய்த அனா மான்டெஸின் தங்கை எஃப்பிஐயிலேயே இருந்தார்.

நம் பக்கமும் இதே நிலைதான். 1985இல் டெல்லியை உலுக்கிய குமார் நாராயண் வழக்கில் பிரதமர் அலுவலகக் கோப்புகள் வரை வெளியே போயின. அவற்றை எடுத்துக் கொடுத்த கீழ்நிலை ஊழியர்களுக்குக் கிடைத்தது பணமும் விஸ்கி பாட்டிலும். தார்மிகப் பொறுப்பேற்றுப் பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி. அலெக்சாண்டர் விலகினார். நம் சென்னையிலேயே, இலங்கை விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில், ‘ரா’ அமைப்பின் அதிகாரியாக இருந்த கே.வி. உன்னிகிருஷ்ணன் 1987இல் கைதானார். ஒரு பெண்ணை வைத்து அமெரிக்க உளவுத்துறை அவரை வளைத்தது என்பது அப்போது வந்த செய்தி. அந்தப் பெண் எந்தப் படிவத்தின் உறவினர் கட்டத்திலும் வந்திருக்க மாட்டார்.

இதை மட்டும் வைத்து உறவு பற்றிய கேள்வியே வீண் என்று முடிவுகட்டினால் அது அவசரம். பிடிபட்டவர்கள் பட்டியல், சலித்துத் தள்ளப்பட்டவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அமெரிக்காவிலேயே 1990க்குப் பிந்தைய உளவு வழக்குகளில் வெளிநாட்டுப் பற்று ஒரு காரணமாக வருவது முன்பைவிடக் கூடியிருக்கிறது. உறவினரைப் பணயமாக வைத்து மிரட்டுவது தமிழர்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயமும் இல்லை. வன்னியை விட்டு வெளியேற விரும்பியவர் பிணையாக ஓர் ஆளை விட்டுச் செல்ல வேண்டியிருந்த பாஸ் முறை புலிகளிடம் இருந்தது. டொரண்டோவிலும் லண்டனிலும் இறுதிப்போருக்கு நிதி கேட்டு வந்தவர்கள், ஊரில் இருக்கும் குடும்பத்தை நினைவூட்டிப் பேசியதை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2006இல் அறிக்கையாகவே வெளியிட்டது. கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்டேன், இனி எனக்கு என்ன என்று இருந்தவரிடமும் காசோலை வாங்க முடிந்தது, அவருடைய அம்மா கிளிநொச்சியில் இருந்ததால். இன்று சீனா வெளிநாட்டு உய்குர்களிடம் செய்வதும் இதேதான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது: கயிற்றின் ஒரு முனை உறவு, மறுமுனையைப் பிடித்திருக்கும் கைதான் ஆபத்து. பிடித்து இழுக்கும் மனமும் பலமும் உள்ள கை மறுமுனையில் இல்லாவிட்டால், உறவினர் எண்ணிக்கையை எழுதி வாங்குவதால் பயனில்லை. நெறிமுறை எழுத்தில் இதைத்தான் சொல்கிறது. விசாரணை மேசையில் ‘பாசம் உண்டு’ என்ற முன்முடிவு அதை விழுங்கிவிடுகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

மத்திய அரசு வேலையில் சேர்கிறவர் நிரப்பும் சான்றுறுதிப் படிவமும் உறவைக் கேட்கிறது. பெற்றோர், மனைவி அல்லது கணவர், உடன்பிறந்தோர் எங்கே பிறந்தார்கள், எந்த நாட்டினர். பிள்ளைகள் வெளிநாட்டில் படித்தாலோ வசித்தாலோ அதற்குத் தனிக் கட்டம். முன்பு பாகிஸ்தானில் இருந்த குடும்பம் என்றால் அங்கே இருந்த முகவரி. தகவலை மறைத்தால் தகுதி போகும் என்று தலைப்பிலேயே எச்சரிக்கையும் உண்டு. எழுதிய தகவலை எப்படி எடைபோடுவார்கள் என்பதற்கு அமெரிக்காவில் இருப்பதுபோல ‘இன்னது பாதகம், இன்னது சாதகம்’ என்று வெளியிடப்பட்ட நெறிமுறை நம்மிடம் இல்லை. மறுத்தால் காரணம் கேட்க மேசையும் இல்லை. தீர்ப்பாயத்துக்கோ நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டும்.

ஆனால் இந்தியா எடைபோடத் தெரியாத நாடு இல்லை. கே.ஆர். நாராயணன் இளம் தூதரக அதிகாரியாக இருந்தபோது பர்மாவில் மா டின்ட் டின்ட் என்ற பெண்ணை விரும்பினார். அயலுறவுப் பணியில் இருப்பவர் வெளிநாட்டவரை மணக்கத் தடை இருந்தது. நேரு சிறப்பு அனுமதி தந்தார். 1951 ஜூனில் டெல்லியில் திருமணம் நடந்தது. பெண் உஷா நாராயணன் ஆனார். 1962 போருக்குப் பிறகு பெய்ஜிங்குக்கு இந்தியா தூதரையே அனுப்பாமல் இருந்து, 1976இல் மீண்டும் அனுப்பியபோது போனவர் இதே நாராயணன். 1997இல் குடியரசுத் தலைவர். இன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் தமிழ்க் குடும்பத்தவர், மனைவி ஜப்பானியர். பெய்ஜிங், வாஷிங்டன் தூதர், வெளியுறவுச் செயலாளர் என்று நாட்டின் உச்ச ரகசியங்கள் எல்லாம் அவர் கையில் இருந்திருக்கின்றன. ஆளைப் பார்த்து, நாட்டைப் பார்த்து, பதவியைப் பார்த்து முடிவெடுத்ததால் இவர்கள் நமக்குக் கிடைத்தார்கள்.

அதே பணியின் விதிப்புத்தகத்தில் இன்னொரு வரியும் இருந்தது. பெண் அதிகாரி யாரை மணப்பதாக இருந்தாலும், இந்தியரையே ஆனாலும், முன் அனுமதி வாங்க வேண்டும். மணந்த பிறகு குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். சென்னையில் படித்து 1949இல் அப்பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். அதற்குள் அரசு அவருக்குப் பதவி உயர்வும் கொடுத்து, விதியையும் கைவிட்டிருந்தது. பாதுகாப்பு, சேவை நலன் என்ற பெயரில் எழுதப்படும் குடும்ப விதிக்குள் வேறு எண்ணம் ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சாதாரண மத்திய அரசு ஊழியர் விஷயத்தில் விதி மிதமானது. 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 21ஆவது, வெளிநாட்டவரை மணந்தால் உடனே அரசுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அனுமதி கேட்கச் சொல்லவில்லை. என் கணக்கில் இதுவே சரியான அளவு. தூதரகத்தில் இருப்பவருக்கு முன் அனுமதியும், தபால் அலுவலகத்தில் இருப்பவருக்குத் தகவலும் போதும்.

தகவல் சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதில்தான் சிக்கல். பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 மே மாதத் தொடக்கத்தில், பாகிஸ்தான் பெண்ணை மணந்ததை மறைத்தார், விசா முடிந்த பிறகும் அவரைத் தங்கவைத்தார் என்று சொல்லி ஜம்முவைச் சேர்ந்த ஒரு வீரரை சிஆர்பிஎஃப் பணிநீக்கம் செய்தது. தலைமையகத்தின் அனுமதி வாங்கியே மணந்தேன் என்றார் அவர். மறைத்திருந்தால் நடவடிக்கை சரி. உச்ச நீதிமன்றம் 2016இல் அவதார் சிங் வழக்கில் வகுத்த நெறியும் மறைப்பைத் தனியாக, அதன் கனம் பார்த்து அளக்கச் சொல்கிறது. உண்மையிலேயே அனுமதி வாங்கியிருந்தால், அனுமதித்த கையே தண்டித்தது என்று ஆகும். எது உண்மை என்று பார்க்கப் பொதுவான விசாரணை முதலில் நடந்திருக்க வேண்டும். நாடு கொதித்துக்கொண்டிருக்கும் வாரத்தில் எடுக்கும் முடிவுக்குத்தான் விசாரணை அதிகம் தேவை. 1994 இஸ்ரோ வழக்கில் மாலத்தீவுப் பெண்கள் இருவரை மையமாக வைத்துக் கிளம்பிய வதந்தியில் நாகர்கோவில்காரர் நம்பி நாராயணன் சிறைக்குப் போனார். 1996இல் சிபிஐ அது பொய் வழக்கு என்றது. உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு அறிவித்தபோது 2018 ஆகியிருந்தது.

எடைபோடாமல் தள்ளுவதற்கு எழுதப்பட்ட சான்றும் சட்டத்திலேயே இருக்கிறது. வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை, நாம் ஓசிஐ என்று சொல்வது, யாருக்குக் கிடைக்காது என்று குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு சொல்கிறது: தானோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ, கொள்ளுத் தாத்தா பாட்டியோ பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமக்களாக இருந்தவர்களுக்கு. பார்த்தே இராத கொள்ளுப் பாட்டியின் பாஸ்போர்ட்டுக்காகக் கதவு மூடுகிறது. அந்தப் பாட்டி உயிரோடு இருக்கிறாரா, அவரை வைத்து யாராவது மிரட்ட முடியுமா என்ற கேள்விக்கே இடமில்லை. அமெரிக்க விதியிடம் நாம் பல்லடத்து அம்மாவுக்காக எதிர்பார்க்கும் நியாயத்தை, நம் சட்டம் இன்னொருவரின் கொள்ளுப் பாட்டிக்குத் தரவில்லை.

எங்கள் வட்டாரத்தில் இது இன்னொரு விதமாகவும் வந்து நிற்கிறது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒத்துக்கொண்டது. அப்படி வந்த மலையகத் தமிழ்க் குடும்பங்கள் நீலகிரியிலும் கோவையிலும் குடியேறின. அடுத்த தலைமுறையில் பலர் கீழே இறங்கி பனியன் கம்பெனிகளுக்கு வந்தார்கள். குடும்பத் தலைவர் இந்தியக் குடியுரிமையோடுதான் வந்தார். ஆனாலும் அவர் பேரன் மத்திய காவல் படைக்குத் தேர்வாகிப் படிவம் நிரப்பும்போது அப்பா பிறந்த இடம் ‘பதுளை’ என்று எழுத வேண்டும். பெரியப்பா குடும்பம் இன்னும் அங்கேயே இருக்கும். அந்த ஒரு சொல்லைப் பார்த்து ஸ்பெஷல் பிராஞ்ச் காவலர் என்ன எழுதுவார் என்பது அவர் படித்த ஒப்பந்தத்தையும், அன்றைய மனநிலையையும் பொறுத்தது. அகதியாக வந்தவர்களின் நிலை இதைவிட மோசம். 1987 ஜூலை 1க்குப் பிறகு முகாமில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியர் இல்லையென்றால், குடியுரிமையே இல்லை. படிவம் வரை அவர்கள் வருவதே இல்லை.

நீதிமன்றங்கள் சில நல்ல வார்த்தைகள் சொல்லியிருக்கின்றன. அரசியல் சார்பு பற்றிய போலீஸ் அறிக்கையை வைத்து ஓர் ஆசிரியரை நீக்கியது செல்லாது என்று 1983இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி சொன்னார். 2014இல் வேறொரு வழக்கில், தேசப் பாதுகாப்பு என்றால் இயற்கை நீதி விலகி நிற்கலாம் என்றது அதே உச்ச நீதிமன்றம். 2023 ஏப்ரல் 5 அன்று மீடியா ஒன் வழக்கில் அரசு மூடிய உறையில் காரணம் தருவதை ஏற்க மறுத்து, தேசப் பாதுகாப்பு என்று வெறும் வாயால் சொன்னால் போதாது என்றது. அது ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் அனுமதி பற்றியது. அதே அளவுகோலைப் பதுளையில் பிறந்தவரின் பேரனுக்கும் நீட்டுவதற்குச் சட்டத்தில் தடை ஏதும் எனக்குத் தெரியவில்லை, நீட்டுவோர்தான் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு. உறவைக் கேட்கும் கேள்வி இருக்கட்டும். அமெரிக்க முறை, பாசத்தைக் குறையாக எண்ணும் முன்முடிவை விட்டுவிட்டு, உறவினர் யாருடைய கைக்குள் இருக்கிறார் என்று பார்க்கப் பழக வேண்டும். காரணம் எழுதி, விசாரித்து, வெளியிடும் அதன் பழக்கம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. இந்திய முறையில் நாராயணனுக்கு நேரு செய்தது சரி. நடத்தை விதி 21 சரி. ஓசிஐயின் நான்கு தலைமுறைத் தடை தவறு, அது தனி மனிதரைப் பார்த்து முடிவெடுக்கும் விதியாக மாற வேண்டும். உறவினர் காரணமாக மறுக்கப்படுவோருக்கு எழுத்தில் காரணமும் ஒரு மேல்முறையீட்டு மேசையும் உள்துறை அமைச்சகம் ஏற்படுத்த வேண்டும். எடைபோடும் நெறிகளைப் பொதுவில் வைக்க வேண்டும்.

அதுவரை படிவம் நிரப்பும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன், டெக்சாஸில் இருந்தாலும் சரி, திருப்பூரில் இருந்தாலும் சரி. பெரியப்பா மகன் என்ன வேலை பார்க்கிறான், தோப்புப் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று ஊருக்கு போன் போட்டுக் கேட்டு, எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். எழுதிய உறவினருக்காக வாதாட வழி உண்டு. எழுதாமல் விட்ட உறவினர்தான் இரண்டு நாட்டிலும் வேலையைக் காலி செய்கிறார்.